அத்தையும் நானும் ஆடிய ஆட்டம்

என் கணவர் சுரங்கத்தில் அடிபட்டு இறந்த பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் என் மாமியார் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். வீடு என்றால் மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையுமாக ஒற்றை அறை. கோலார் தங்க வயலில் சுரங்க ஆட்களுக்கென்று வரிசை வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீடுகளில் ஒன்று. அந்த ஓர் அறைக்குள் இரண்டு பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பாராமல் வாழ்வது சுலபமில்லை. ஆனால் எங்களுக்கு அது பழகிவிட்டது. சோறு வெந்துவிட்டதைச் சொல்ல வேண்டுமானால் அத்தை வாசலில் மேயும் கோழியைப் பார்த்து, "சோறு ஆயிடுச்சு, துன்றவங்க துன்னலாம்" என்பார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது கதவிடம் சொல்லிக்கொண்டு போவேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னக் குழந்தைகளுக்கு அரிச்சுவடி சொல்லித் தருவது என் வேலை. அத்தை மில்லில் கல் பொறுக்கும் பெண்களோடு வேலை செய்தார். சுரங்கத்திலிருந்து மேலே வரும் கல்லில் பொன் இருக்கும் கல்லைத் தனியாகவும் வெறுங்கல்லைத் தனியாகவும் பிரிக்க வேண்டும். சாயங்காலம் அவர் திரும்பி வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளைப் புழுதி படிந்திருக்கும். அப்படியே நின்று முகம் கழுவிக்கொள்ளும் அந்த ஒரு நேரத்தில்தான் அவர் அழுவார் என்று எனக்குத் தெரியும். தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அத்தை குடியாத்தம் பக்கத்துக்காரர். இளவயதிலேயே புருஷனை இழந்தவர், அவருக்கு ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையை மிஷன் போர்டிங் பள்ளியில் சேர்த்துப் படிக்கவைத்தார். அங்கே இருந்த வாத்தியார் ஒருவருக்குச் சதுரங்கப் பைத்தியம். பையன்களுக்கெல்லாம் ஆடக் கற்றுக்கொடுத்தாராம். லீவு நாளில் ஊருக்கு வந்தால் ஆடுவதற்குத் துணை வேண்டுமே! வேறு யாரும் இல்லாததால் என் கணவர் தன் அம்மாவுக்கே ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். எழுத்து தெரியாத அத்தை, இரண்டே லீவில் பிள்ளையைத் தோற்கடிக்கும் அளவுக்கு வந்துவிட்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் என் கணவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை இருக்கும்.

பிள்ளை பெரியவனானதும் இருவரும் தங்க வயலுக்கு வந்தார்கள். மழை பொய்த்து ஆர்க்காட்டுப் பக்கத்து ஊர்களெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு இங்கே வந்துகொண்டிருந்த காலம் அது. என் கணவருக்குச் சுரங்கத்துக்குள்ளே மரம் முட்டுக் கொடுக்கும் வேலை கிடைத்தது. கல்லை வெட்டி எடுத்த இடத்தில் மேல்பாறை விழாமல் கட்டைகளை நிறுத்தித் தாங்கவைக்கும் வேலை.

எனக்குக் கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது சதுரங்கப் பலகைதான். சுரங்கத்தில் மிஞ்சிய மரத்துண்டில் என் கணவர் தார் பூசிக் கட்டம் போட்டிருந்தார். காய்களைத் தச்சு ஆசாரி ஒருவர் கடைந்து கொடுத்திருந்தார். கல்யாணமான முதல் மாதத்திலேயே எனக்கும் ஆடக் கற்றுத்தந்தார். அதன் பிறகு ராச்சோறு ஆனதும் தினமும் ஆட்டம்தான். முதலில் அம்மாவோடு ஓர் ஆட்டம். அது முடிந்த பிறகு என்னோடு ஓர் ஆட்டம். அவர் அம்மாவோடு ஆடும்போது நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். நாங்கள் இருவரும் ஆடும்போது அத்தை பாயில் படுத்துத் தூங்குவதாகக் காட்டிக்கொள்வார். நானும் அத்தையும் மட்டும் ஆடியதே இல்லை. ஒரு தடவை அவரே சொல்லிப் பார்த்தார். "அவளோட நான் இன்னாத்த ஆடறது?" என்று அத்தை எழுந்து போய்விட்டார். எனக்கும் உள்ளுக்குள் அது சரியாகவே பட்டது. அவர் ஒருவர்தான் இருந்தார். நாங்கள் இருவரும் அவருடைய அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருந்தவர்கள்.

அவர் எங்கள் இருவருக்கும் கற்றுக்கொடுத்த வழக்கம் ஒன்று உண்டு. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது "ராஜா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அத்தை தன் பிள்ளையைக் கூப்பிடுவதும் "ராஜா" என்றுதான். ஆகவே அவர் ஆட்டத்தில் "ராஜா" என்று சொல்லும்போதெல்லாம் பிள்ளை தலையைத் தூக்கி, "இன்னாம்மா?" என்று கேட்பார். அத்தை, "உன்னியக் கூப்டல, பலகையப் பாரு" என்பார். தினமும் இதே பேச்சுதான். தினமும் இருவரும் புதிதாகக் கேட்டது போலச் சிரிப்பார்கள்.

பௌரிங்பேட்டையில் என் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம் வைத்திருந்தார்கள். அதற்கு வருவதற்காக என் கணவர் தன் ஷிஃப்டை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு, காலையில் போக வேண்டியவர் சாயங்காலம், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் இறங்கினார். அந்த ஷிஃப்டில்தான் அவர் கட்டை நிறுத்திக்கொண்டிருந்த இடத்தில் பாறை வெடித்துச் சரிந்தது. மேலே கொண்டுவந்தபோது உயிர் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அத்தை காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். விடிவதற்குள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னிலையிலும் அத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். "தன் ஷிஃப்ட்ல போயிருந்தான்னா எம்புள்ள வூட்டுக்கு வந்திருப்பான். உங்கண்ணன் வூட்டு விசேஷத்துக்கோசரம் மாத்திக்கினு போனான்."

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "வாத்தியார் வேலைக்குப் படிக்கவைக்கிறோம்னு போர்டிங்ல கேட்டாங்களே, நீங்கதான் வேணாம்னு இந்தக் குழிக்குக் கூட்டிக்கினு வந்தீங்க" என்றேன்.

இரண்டும் உண்மைதான். அதனால்தான் இருவராலும் மறக்க முடியவில்லை. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அத்தை பலகையையும் காய்களையும் பிள்ளையின் சட்டையில் சுற்றித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் முந்தானையில் இருந்தது. பேச்சும் அன்றோடு நின்றது.

சுரங்க ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டருக்கு ஒரு மனைவி. டாக்டர் துரைசானி என்றுதான் எல்லோரும் சொல்வோம். பொழுது போகாத அம்மாள். டென்னிஸ் ஆடத் தெரியாது, குதிரை ஏறத் தெரியாது. சதுரங்கம் ஒன்றுதான் தெரியும். துரைமார்கள் கிளப்பில் பெண்களை அந்த மேசையில் உட்காரவிடமாட்டார்களாம். அதனால் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சர்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று கண்டதும் அவருக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி ஆகிவிட்டது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், பெண்களுக்கு மட்டும் சதுரங்கப் போட்டி என்று மிஷன் கோவிலில் அறிவிப்புச் செய்யவைத்தார். சனிக்கிழமை மத்தியானங்களில் பள்ளிக்கூடக் கூடத்தில் ஆட்டம். தோற்றவர்கள் விலகிக்கொள்ள வேண்டும். கடைசியில் மிஞ்சுகிற இருவர் கிறிஸ்துமஸ் கழிந்த சனிக்கிழமை ஆடுவார்கள்.

"நீங்கள் பேர் கொடுக்க வேண்டும், கட்டாயம்" என்று துரைசானி தன் புஸ்தகத் தமிழில் சொன்னார். எனக்கு விருப்பமில்லை. என் கணவர் போன பிறகு நான் ஒரு காயைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் மறுக்கவும் தெரியவில்லை.

முதல் சனிக்கிழமை கூடத்துக்குள் போனேன். டீச்சர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், என்ஜின் டிரைவரின் ஆங்கிலோ இந்தியப் பெண்கள், போதகர் மனைவி என்று ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்துப் பெஞ்சில், குளித்துத் தலைவாரி, பெட்டியில் மடித்துவைத்திருந்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, அத்தை உட்கார்ந்திருந்தார்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தனக்கு எதிரே இருந்த நர்ஸ் பெண்ணைப் பார்த்து, "ஆடறவங்க ஆடலாம், வெள்ளக் காய் உனுது" என்றார்.

அன்று என் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஜெயித்தேன் என்பதுகூட மனதில் ஏறவில்லை. நான் அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. குதிரையை நகர்த்துவதற்கு முன்னால் அதன் முகத்தை எதிராளி பக்கமாகத் திருப்பிவைப்பார். ஒரு நொடி அப்படியே விட்டுவைத்து, அதன் பிறகுதான் தூக்குவார். அத்தை அதையே செய்தார். விரல் மட்டும் கிழட்டு விரல், நகக்கண்ணில் கல் புழுதி. மற்றதெல்லாம் அவரேதான். நான் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். மில்லில் கல் இடிக்கும் சத்தம் இரவும் பகலும் ஓயாமல் கேட்கும் ஊர் அது. அன்றைக்கு அந்தச் சத்தம் இருந்தது எனக்கு நல்லதாயிற்று.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் இருவரும் ஜெயித்துக்கொண்டே வந்தோம். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் நான் பள்ளிக்கூடம் போன பிறகு, மில்லுக்குக் கிளம்புவதற்குள் அத்தை டிரங்குப் பெட்டியைத் திறக்கிறார் என்று தெரிந்தது. சாயங்காலம் வந்தால் வீட்டில் தாரும் பழைய மரமும் கலந்த அந்த வாசனை இருக்கும். என் கணவர் இருந்த நாளில் வீட்டில் இருந்த வாசனை. நான் சிலேட்டில் கட்டம் போட்டு, புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் ஆடிப் பார்ப்பேன். வீட்டுப் பெட்டிக்குள்ளேயே பலகை இருந்தது. அதை நடுவில் வைத்து இருவரும் உட்கார்ந்திருந்தால் போதும். அந்த யோசனை இருவருக்குமே வரவில்லை. வந்தாலும் யார் முதலில் வாயைத் திறப்பது?

அரையிறுதி ஆட்டத்தில் அத்தை போதகர் மனைவியை ஜெயித்தார், நான் என்ஜின் டிரைவரின் மூத்த பெண்ணை ஜெயித்தேன். "மாமியாரும் மருமகளும்!" என்று துரைசானி கைதட்டினார். அவருக்கு எங்கள் வீட்டுச் சங்கதி தெரியாது. தெரிந்த பெண்கள் யாரும் கைதட்டவில்லை.

கடைசி ஆட்டத்தன்று கூடத்தில் நிற்க இடமில்லை. கல் பொறுக்கும் பெண்கள் எல்லோரும் அத்தைக்காக வந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஷிஃப்ட் முடிந்து வந்த ஆண்கள் தலையில் கட்டிய துண்டோடு நின்றார்கள். அவர்களில் பலர் என் கணவரோடு வேலை செய்தவர்கள். மேசையில் துரைசானியின் தந்தக் காய்கள் இருந்தன. நாணயம் சுண்டியதில் வெள்ளைக் காய் எனக்கு வந்தது.

அவ்வளவு கிட்டத்தில் அத்தையின் முகத்தைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இடது கண்ணுக்குக் கீழே கல் தெறித்த ஒரு தழும்பு. அது எப்போது வந்தது? ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் தொடங்கியது. சற்று நேரத்திலேயே இருவருக்கும் ஒன்று விளங்கிவிட்டது. நாங்கள் எதிரெதிரே ஆடிக்கொண்டிருந்தது ஒரே மனிதரின் ஆட்டத்தை. என் கணவருக்கு ஒரு பிடித்தமான வேலை உண்டு. மூலையில் இருக்கும் யானையை வேண்டுமென்றே காவலில்லாமல் விட்டுவைப்பார். ஆசைப்பட்டு எதிராளியின் ராணி அதை வெட்ட வந்தால், திரும்பிப் போகும் வழியைச் சிப்பாயால் அடைத்துவிடுவார். நான் யானையை விட்டுவைத்தேன். அத்தை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் தன் யானையை அப்படியே விட்டுவைத்தார். நானும் தொடவில்லை. அத்தையின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா, வேறெதுவோ தெரியாது.

நான் ஒரு குதிரையை நகர்த்தப் போனேன். கை தானாக அதன் முகத்தை அத்தை பக்கமாகத் திருப்பிவிட்டது. அதுவரை நானும் அப்படிச் செய்பவள் என்பது எனக்கே தெரியாது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தை குதிரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் குதிரையை அவசரமாக எங்கேயோ வைத்தேன். நல்லவேளை, அது தப்பான இடமாகப் போகவில்லை.

காய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் என் சிப்பாய் ஒன்று மறுகரையை நெருங்கிவிட்டது. இன்னும் இரண்டு நகர்த்தலில் அது ராணியாகிவிடும். பார்த்தவர்கள் எல்லோரும் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தார்கள். அப்போது அத்தை தன்னிடம் மிச்சமிருந்த ஒரே யானையைக் கொடுத்து, என் ராஜாவின் முன்னால் இருந்த சிப்பாய்களை உடைத்தார். கொடுத்துவிட்டு ராணியைக் கொண்டுவந்து வைத்தார்.

"ராஜா" என்றார்.

நான் என் ராஜாவைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினேன். அத்தை ராணியைக் குறுக்காக இழுத்தார்.

"ராஜா."

திரும்பவும் பழைய கட்டத்துக்கு வந்தேன். அவருடைய ராணியும் பழைய கட்டத்துக்கு வந்தது.

"ராஜா."

ஒளிந்துகொள்ள வேறு கட்டம் எனக்கு இல்லை. குறுக்கே வைக்கக் காயும் இல்லை. அவருக்கோ நிறுத்த வழியில்லை. நிறுத்தினால் என் சிப்பாய் கரையேறிவிடும். இந்த ஆட்டத்தில் அப்படி ஒரு நிலை உண்டு, தாக்கிக்கொண்டே இருக்கலாம், ஜெயிக்க முடியாது. முதல் தடவை அத்தையின் குரல் கணீரென்று இருந்தது. பிறகு இறங்கியது. அதன் பிறகு அது ஆட்டத்துக்காகச் சொல்கிற சொல்லாக இல்லை. வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிடுகிற குரலாகிவிட்டது. ஒவ்வொரு தடவை சொன்ன பிறகும் ஒரு கணம் நிறுத்தினார். எதற்காக நிறுத்துகிறார் என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். "இன்னாம்மா?" என்று யாரும் கேட்கவில்லை. நான் ராஜாவை நகர்த்தினேன். அவர் மறுபடி கூப்பிட்டார். எனக்குக் கட்டங்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தன. விரலால் தடவித்தான் காயை எடுத்தேன்.

கடைசித் தடவை அத்தையின் வாய் மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"டிரா" என்றார் துரைசானி. பிறகு தமிழில், "ஆட்டம் சமம். யாருக்கும் வெற்றி இல்லை" என்றார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. மருமகள் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்றார்கள் சிலர். மாமியார்தான் இரக்கப்பட்டு விட்டுவிட்டார் என்றார்கள் வேறு சிலர். இரண்டும் இல்லை. பின்னாளில் எத்தனையோ தடவை அந்த ஆட்டத்தை மனதுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் வேறு வழி இருக்கவில்லை. இருவரும் முழு மனதோடுதான் ஆடினோம்.

"திங்கட்கிழமை இன்னும் ஓர் ஆட்டம் வைக்கலாம். அதில் முடிவு தெரியும்" என்றார் துரைசானி.

அத்தை மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வேணாம்மா. இன்னொரு வாட்டி என்னால முடியாது."

"நீங்கள்?" என்று துரைசானி என்னைக் கேட்டார். நானும் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். பரிசுக்கென்று ஒரே ஒரு கம்பளிச் சால்வை வாங்கிவைத்திருந்தார்கள். அதை யாருக்குக் கொடுப்பது என்று திகைத்து, கடைசியில் பெங்களூரிலிருந்து அதே மாதிரி இன்னொன்று வரவழைப்பதாகத் துரைசானி சொன்னார். சொன்னபடியே பிறகு வரவழைத்தும் கொடுத்தார்.

அன்று வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்கு நடந்தோம். எப்போதும் அத்தை முன்னால் போவார், நான் பின்தங்கியே நடப்பேன். அன்றைக்கு நான் பக்கத்தில் வரும் வரைக்கும் நின்றார். பொன் எடுத்தது போக மிஞ்சிய சக்கைமண்ணைக் கொட்டி மலையாய்க் குவித்திருந்த மேட்டருகே வந்தபோது, "கொஞ்ச நேரம் குந்து மே" என்றார். கோழியிடமோ கதவிடமோ சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்.

உட்கார்ந்தோம்.

"நான் எதுக்கோசரம் பேர் குடுத்தேன் தெரியுமா?" என்றார். "அவன் மூஞ்சி எனக்கு ஞாபகம் கீது. கொரலு ஞாபகம் கீது. கைதான் மறந்துக்கினே வந்துச்சு. எப்படிக் காயத் தூக்குவான், எப்படி வெப்பான்... கண்ண மூடிக்கினா வர்ல. பொட்டியத் தொறந்து அந்தக் காயத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். வர்ல. ஆடினா வரும்னு நெனச்சேன்."

"வந்துச்சா அத்தை?"

"என் கையில வர்ல." அவர் என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இதுல பாத்தேன். குதிரையத் திருப்பினியே, அப்போ."

"நான் முதல் சனிக்கிழமையே உங்க கையில பாத்துட்டேன் அத்தை. அதான் எழுந்து வெளியே போயிட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இருவரும் அழுதோம். ஆஸ்பத்திரியில் தனித்தனியாக அழுததையும் சேர்த்து அழுதோம் போல. ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மரியாதையாகப் போனார்கள்.

அதன் பிறகு சில மாதங்கள் நல்லபடியாக இருந்தோம். பேசினோம். ஷிஃப்ட் மாற்றியதையும் போர்டிங் பள்ளியையும் பற்றி அதற்குப் பின் இருவரும் வாயெடுக்கவில்லை. அத்தை எனக்குத் தலைவாரிவிடுவார். நான் அவர் கண்ணில் விழுந்த கல் தூசியைச் சேலை நுனியால் எடுப்பேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து ஒரு நாள் கேட்டேன்.

"பலகைய எடுக்கட்டுமா அத்தை? நாம ரெண்டு பேரும் ஆடலாம்."

அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது. "வேணாம் மே. அன்னிக்கு ஆடினதே, அவன் மறுபடியும் செத்துப் பூட்ட மாதிரி கீது எனக்கு. தெனம் தெனம் பூட்டா நான் இன்னா செய்வேன்?"

நான் அப்புறம் கேட்கவே இல்லை. ஆனால் கேட்காவிட்டாலும் என் கை அவர் முன்னால்தானே இருந்தது! நான் சோறு போடும்போதும், பாத்திரம் துலக்கும்போதும், பிள்ளைகளின் சிலேட்டைத் துடைக்கும்போதும் அத்தை அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அடுத்த மழைக்காலத்தில் என்னிடம் சொல்லாமல் போதகரைப் போய்ப் பார்த்திருக்கிறார். பெங்களூரில் மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவர், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். எனக்கு அவரைப் பேசி முடித்துவிட்டு வந்து சொன்னார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"என்னைத் துரத்துறீங்களா?" என்றேன்.

"ஆமா."

"நான் இன்னா பண்ணேன்? இப்பதானே பேச ஆரம்பிச்சீங்க?"

"நீ ஒண்ணும் பண்ணல." அவர் சுவரைப் பார்த்துப் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "நீ இங்க கீற வரைக்கும் அவனும் இங்கதான் கீறான். எனக்கு அது ஒரு விதத்துல நல்லாக்கூட கீது. ஆனா உன் வயசு இன்னா? எம்புள்ளையப் பாக்கறதுக்கோசரம் உன்னிய இங்க கட்டிப்போட்டு வெச்சிக்கினு இருந்தேன்னா நான் மனுஷியா?"

"நீங்களும் வாங்க. மூணு பேரா இருக்கலாம். அவர்கிட்ட நான் பேசறேன்."

"புது மருமவன் வூட்ல குந்திக்கினு உன் கையப் பாத்துக்கினு அழுவறதுக்கா?" என்றார்.

கல்யாணம் தங்க வயல் கோவிலிலேயே நடந்தது. அத்தைதான் எனக்குத் தாயாக நின்றார். மறுநாள் ஸ்டேஷனுக்கும் வந்தார். வண்டி கிளம்பும் வரைக்கும் என் புதுக் கணவரிடம் எனக்குப் பனி ஒத்துக்கொள்ளாது, மோர் ஆகாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி நகர்ந்தபோது, ஜன்னல் கம்பியில் இருந்த என் கையை ஒரு தடவை தொட்டுவிட்டு, திரும்பி நடந்துவிட்டார். வண்டி வளைவு திரும்பும் வரைக்கும் பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

என் இரண்டாவது கணவர் என்னை மிக நன்றாக வைத்துக்கொண்டார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது தங்க வயலுக்குப் போய்வர வேண்டும் என்றுதான் இருந்தோம். முதல் குழந்தை வயிற்றில் இருந்ததால் அந்த வருஷம் போகவில்லை. அதற்குள் பிளேக் வந்துவிட்டது. பெங்களூரிலும் வந்தது, தங்க வயலிலும் வந்தது. ரயிலில் ஏறவிடாமல் ஆட்களைத் தடுத்தார்கள். போய்வருகிறவர்கள் மூலமாகத்தான் செய்தி வரும். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த உபதேசியார் ஒருவர், எங்கள் லைனில் நோய் கண்டதாகவும், கண்டவர்களை ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டதாகவும் சொன்னார். அத்தையைப் பற்றிக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வழி திறந்த பிறகு கைக்குழந்தையோடு போனேன். நாங்கள் இருந்த லைனை நோய் பரவாமல் இருப்பதற்காக முழுக்க எரித்துவிட்டிருந்தார்கள். தட்டி வீடுகள்தானே! எங்கள் வீடு எது, பக்கத்து வீடு எது என்று அடையாளம் சொல்ல முடியவில்லை. கரிந்த தரையின் மேல் புதுத் தட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தையோடு கல் பொறுக்கிய ஒரு அம்மாள் என்னைக் கண்டுகொண்டு ஓடிவந்து, குழந்தையை வாங்கி முகத்தோடு சேர்த்துக்கொண்டார்.

"கொட்டாய்ல எங்க யாரையும் உள்ள விடலம்மா. வாசல்லயே நின்னு பாத்துட்டு வந்தோம். மூணாம் நாளு போனப்போ கட்டில் காலியா இருந்துச்சு."

"எங்கே புதைச்சாங்க?"

"எல்லாரையும் ஒண்ணாப் போட்டாங்க. யார் எங்கன்னு இன்னான்னு சொல்றது?"

அவர் கை காட்டிய பக்கம் போய்ப் பார்த்தேன். நீளமாகப் புது மண், மேலே சுண்ணாம்பு தூவியிருந்தது. அங்கே நிற்கத்தான் முடிந்தது. எந்த இடத்தில் மண்டியிடுவது என்று தெரியவில்லை.

அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். என் முதல் கணவரின் கல்லறையில் நட்டிருந்த மரச்சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. குழந்தையைப் புல்லில் கிடத்திவிட்டு அதை நிமிர்த்தி நட்டேன். மண்ணை அழுத்தி மிதித்தேன். அத்தை இறந்துபோனதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. சொல்வதற்கு அந்த ஊரில் அவருக்கு என்னைவிட்டால் வேறு யாரும் இல்லை. குனிந்து சொன்னேன். குழந்தை அழ ஆரம்பித்தது. தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.